நிறுவியவரும் ரிசீவரும்

தொழிலைத் தொடங்கியவரே என்றும் அதன் தலைவர் என்பது நம்மவரிடையே ஊறிய எண்ணம். தந்தை தொடங்கிய கடை பிற்காலத்தில் 'செண்டிரியான் பெர்ஹாட்' ஆனாலும், 'முதலாளி' என்னும் சொல் அவரையே குறிக்கும். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. கம்பெனி வேறு, அதனை நிறுவியவர் வேறு. 1897ஆம் ஆண்டில் சாலமன் என்னும் காலணி வணிகரின் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதனை உறுதி செய்தது. அக்கொள்கையே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலவுகிறது.

அங்ஙனமாயின், கடன் முற்றிக் கம்பெனி ரிசீவர் கைக்குச் சென்றால் நிறுவியவரின் நிலை யாது?

வங்கி பெருந்தொகை கடன் தரும்போது, கம்பெனியின் நிலம், பொறிகள், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை ஈடாக எழுதி வாங்குவதுண்டு. அப்பத்திரத்துக்கு 'டிபெஞ்சர்' என்று பெயர். கடன் தவறினால் ரிசீவரை அமர்த்தும் உரிமையும் அதிலேயே அடங்கியிருக்கும். ரிசீவர் என்பதற்குப் 'பெறுநர்' என்பது நேர்ப்பொருள். ஈட்டுப் பொருளையும் அதன் வருவாயையும் கைப்பற்றிக் கடனைத் தீர்ப்பது அவர் பணி. தொழிலை நடத்தும் அதிகாரமும் பெற்றால் அவர் மேலாளரும் ஆவார். பத்திரங்கள் பெரும்பாலும் அவரைக் கம்பெனியின் முகவர் என்றே கூறும். ஆயினும் அவருடைய முதற்கடமை கடன் கொடுத்தவருக்கே உரியது. முகவர் என்பது பெயர். அவரை ஏவும் உரிமையோ கம்பெனிக்கு இல்லை!

நிறுவியவர் இயக்குநராக இருந்தால் அப்பதவி தானாக நீங்கிவிடாது. ஆனால் ஈட்டுப் பொருள்களைப் பொறுத்தவரை அவர் அதிகாரம் உறங்கிவிடும். விற்கவோ, ஒப்பந்தம் செய்யவோ, வங்கிக் கணக்கில் கைவைக்கவோ அவரால் இயலாது. நிலத்தை ஒற்றி வைத்தவர் உடைமையை இழப்பதில்லை. உழுது பயன்கொள்ளும் உரிமையையே இழக்கிறார். ஏறக்குறைய அந்நிலையே இதுவும்.

எனினும் சில உரிமைகளும் கடமைகளும் எஞ்சுகின்றன. கம்பெனியின் நிலைமையை ரிசீவருக்கு எழுதித் தருவதும், சட்டம் கேட்கும் அறிக்கைகளை அளிப்பதும் இயக்குநர் கடமை. ரிசீவரை அமர்த்திய வங்கியின் மீதே கம்பெனியின் பெயரால் வழக்குத் தொடர அவர்களுக்கு இடமுண்டு என 1978இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது; ஈட்டுப் பொருளுக்கு ஊறு நேரக்கூடாது என்பது நிபந்தனை. அத்தீர்ப்பின் எல்லை பின்னாளில் ஐயுறப்பட்டதும் உண்டு. கடன் முழுதும் தீர்ந்து ரிசீவர் விலகினால், ஆட்சி மீண்டும் இயக்குநர் கைக்கு வரும். நடைமுறையில் அத்தகைய மீட்சி அரிது.

ஜான் டெலோரியன் கதை இதற்குத் தக்க சான்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த அவர், அதை விட்டுத் தம் பெயராலேயே ஒரு கார்த் தொழிலைத் தொடங்கினார். பிரிட்டிஷ் அரசின் பெரும் பண உதவியுடன் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகருக்கு அருகே ஆலை எழுந்தது. 1981இல் கார்கள் வெளிவந்தன. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 1982 பிப்ரவரியில் ஆலை ரிசீவர்களிடம் சென்றது. டெலோரியன் பணம் தேடி அலைந்தார். ஆயினும் ஆலையின் வாழ்வும் சாவும் அவர் கையில் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஆலை மூடப்பட்டது. கார்களில் அவர் பெயர் இருந்தது. தொழிலாளரின் வேலையைக் காக்க அப்பெயர் உதவவில்லை.

எல்லா நாட்டிலும் ஒரே முறையன்று. அமெரிக்காவின் 'பதினோராம் அத்தியாய'த்தின் கீழ்ப் பழைய நிருவாகமே பொதுவாக நீதிமன்ற மேற்பார்வையில் தொடரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள 'நீதித்துறை மேலாண்மை' முறையிலோ, இயக்குநர் அதிகாரம் நீதிமன்றம் அமர்த்தும் மேலாளருக்கு மாறும். அவர் ஒரு வங்கிக்காக மட்டுமின்றிக் கடன் கொடுத்தோர் அனைவர் நலனையும் நோக்க வேண்டியவர்.

நம் சிறுதொழில் முனைவோர் நினைவிற்கொள்ள வேண்டியது மற்றொன்றும் உண்டு. கம்பெனிக் கடனுக்குத் தாமே தனிப்பிணை கையெழுத்திட்டவர், ரிசீவர் வந்ததனால் விடுபடுவதில்லை. சொத்தை விற்றும் தீராத பாக்கி அவர் வீட்டு வாயிலுக்கு வரக்கூடும். அதிகாரம் போன பின்னும் பொறுப்பு நிற்கும். ஆகவே பத்திரத்தைப் படித்தறிய வேண்டிய காலம் ரிசீவர் வந்த நாளன்று; கையெழுத்திடும் நாளே.