சுமை இறக்கிய பின் வண்டியைத் துப்புரவு செய்தல்

தஞ்சைத் தரணியில் இன்று வேளாண்மைச் சுமைகளுள் பெரும்பாலானவை டிராக்டர் டிரெய்லரிலும், 'குட்டியானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சுமை வண்டியிலுமே செல்கின்றன. கோடையில் குளத்து வண்டலையும் தொழுஉரத்தையும் சுமந்த அதே வண்டி, குறுவைப் பணி தொடங்கியதும் விதையையும் நாற்றுக் கட்டுகளையும் ஏற்றுகின்றது. அடுத்து யூரியாவும் பொட்டாசும் வருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை இயந்திரம் கொட்டும் நெல் அதே தளத்தில் விழுகின்றது. இடையில் வீடு கட்டுவோருக்குச் செங்கல்லும் ஜல்லியும் வேறு. ஒரு சுமையின் மிச்சம் மறு சுமையோடு கலந்து விளைவிக்கும் தீங்கினைப் பற்றியும், அதனைத் தவிர்க்கும் முறை பற்றியும் இங்குக் கூற விழைகின்றோம்.

கட்டை வண்டிக் காலத்தில், பலகைச் சந்துகளின் வழியே மண்ணும் தூசும் பாதையிலேயே உதிர்ந்துவிடும். இக்காலத்து இரும்புத் தளமோ எதையும் எளிதில் கீழே விடுவதில்லை. முன்புற மூலைகள் இரண்டிலும், பக்கக் கதவுகளின் கீல்களிலும், பின்கதவின் அடியிலும், தளத்தின் வரிப் பள்ளங்களிலும் மிச்சம் தங்கிவிடுகின்றது. மேலோட்டமாகப் பெருக்கினால் கண்ணுக்குத் தளம் சுத்தமாகத் தோன்றும். மூலைகளில் கைவிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

முதலில் பூச்சிமருந்தைக் கவனிப்போம். 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டோர், நஞ்சு கலந்த கோதுமை மாவை உண்டு மாண்டனர். அந்த நஞ்சு பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து. எவரும் வேண்டுமென்று அதனை உணவில் கலக்கவில்லை. உணவுப் பண்டமும் மருந்தும் சேர்ந்து பயணம் செய்தபோது கசிந்த மருந்து மாவில் ஊறியதே காரணமாகும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பிறப்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு முக்கிய தூண்டுதலாயிற்று. உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரே படும்படி மருந்துப் பெட்டிகளைக் கொண்டுசெல்லலாகாது என்று 1971-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆயினும் மருந்துப் புட்டியையும் தவிட்டு மூட்டையையும் ஒரே தளத்தில் உருளவிட்டுச் செல்லும் வண்டிகள் நம் சாலைகளில் இன்றும் செல்கின்றன. நடவுக்குச் செல்லும் பெண்கள் சோற்றுத் தூக்குடன் அத்தளத்திலேயே அமர்ந்து போவதும் உண்டு. சுமை வண்டியில் ஆட்களை ஏற்றுவது எப்படியும் முறையன்று. மருந்து சிந்திய வண்டியில் ஏற்றுவது அதனினும் கொடிது.

மருந்து சிந்திவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ அதன்மேல் பரப்பி ஊறவிட்டு, கையுறை அணிந்து, தகட்டால் வழித்து, மூடியுள்ள கலமொன்றில் சேர்த்தல் வேண்டும். அதனை அப்புறப்படுத்தும் வழியை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிக. பின்னரே சோப்பு நீரால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவலாம். மருந்து ஊறிய மரப்பலகைத் தளத்தை எவ்வளவு கழுவியும் நம்ப இயலாது. பலகையை மாற்றும் வரையில் அவ்வண்டியில் நெல்லோ தீவனமோ ஏற்றாதிருத்தல் நலம்.

அடுத்தது விதை. அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் மூட்டையாக வருவதில்லை. தளர்வாகவே டிரெய்லரில் கொட்டப்படுகின்றது. அந்தக் குவியலிலிருந்தே பலர் மறு போகத்திற்கு விதை எடுத்து வைக்கின்றனர். சான்று பெற்ற நெல் விதையில் பிரித்தறியத்தக்க பிற ரக விதைகள் கிலோ ஒன்றுக்கு 20-க்கு மேல் இருத்தல் ஆகாது என்பது அளவு. 30 கிலோ மூட்டையில் இது 600 மணிகளே. மூலையில் கிடக்கும் ஒரு கைப்பிடி நெல்லில் 1000 மணிக்குக் குறையாது! ஆடுதுறை 43 ஏறத்தாழ 110 நாளில் முதிர்வது, சி.ஆர். 1009 என்னும் பொன்மணிக்கு 155 நாளுக்கு மேல் வேண்டும். முன்னது பின்னதில் கலந்தால், வயல் பசுமையாக நிற்கும்போதே கலப்புக் கதிர்கள் பழுத்து உதிர்ந்து, அடுத்த ஆண்டு தாமே முளைக்கும். ரகம் கெட்டுவிட்டது என்று விதையைக் குறை கூறுவோர், அதனைச் சுமந்த வண்டியை நினைப்பதில்லை. அறுவடை இயந்திரத்திற்கும் இது பொருந்தும். அதனுள் தங்கும் நெல் டிரெய்லரில் தங்குவதைவிட மிகுதி.

கொள்முதல் நிலையத்தில் வாங்கும் நெல்லில் மண், கல் முதலிய கலப்பு 1 சதவீதமும், வைக்கோல், பதர் போன்றவை 1 சதவீதமும், ஈரப்பதம் 17 சதவீதமும் இருக்கலாம் என்பது பொதுவான விதி. 3 டன் சுமைக்கு 1 சதவீதமென்றால் 30 கிலோ ஆகும். தளத்தில் கிடந்த சிறிது மணல் அதனை எட்டாது எனலாம். கணக்கு சரியே. ஆனால் மணல் நெல்லில் சமமாகப் பரவாமல் அடியிலேயே தங்குவதால், கடைசியாக அள்ளிய மூட்டைகள் சிலவற்றில் அது முழுவதும் சேர்ந்துவிடும். கழுவிய ஈரம் உலருமுன் நெல்லைக் கொட்டினாலோ, அடி நெல் புழுங்கி நிறம் மாறும்.

இனி, துப்புரவு செய்யும் முறை. எல்லாச் சுமைக்கும் ஒரே முறை பொருந்தாது. நம் களிமண்ணும் வண்டலும் ஈரமாக இருக்கும்போதே கழுவத்தக்கவை. ஒரு நாள் காய்ந்தால் கல்லாகிவிடும், பிறகு மண்வெட்டியால் கொத்த வேண்டிவரும். கொத்தினால் வண்ணப் பூச்சு பெயர்ந்து துரு பிடிக்கும். உரமோ இதற்கு நேர்மாறு. அதனை உலர்ந்த நிலையிலேயே பெருக்கி எடுக்க வேண்டும். முதலிலேயே நீர் ஊற்றினால் உரம் கரைந்து இணைப்புகளுக்குள் இறங்கிவிடும். பொட்டாசு உரம் ஒரு குளோரைடு உப்பு. கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். உரமேற்றிய வண்டியை அன்றே பெருக்கி, பின் கழுவி, வெயிலில் உலர்த்துவோரின் தளம் நெடுநாள் உழைக்கின்றது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிய பின் தண்ணீரே தேவையில்லை. ஈர்க்குத் துடைப்பம் போதும்.

பக்கக் கதவுகளையும் பின்கதவையும் திறந்து, ஓட்டுநர் அறைப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பெருக்குக. வரிப் பள்ளங்களுக்கும் கீல்களுக்கும் ஒரு மூங்கில் குச்சி உதவும். நீர் வடியும் துளைகள் அடைபட்டிருப்பின் குத்தித் திறக்க வேண்டும். காலில் செருப்பும், மூக்கில் துணியும் இருக்கட்டும். ஆணியும் கண்ணாடித் துண்டும் தொழுஉரத்தில் சாதாரணம். தூக்கி நிறுத்திய டிப்பரின் அடியில், முட்டுக் கொடுக்காமல் எக்காரணத்தாலும் தலையை நீட்டலாகாது. ஹைட்ராலிக் விசை தளர்ந்தால் விலகுவதற்கு நேரமிராது.

வாடகை வண்டியில் இவ்வேலை யாருடையது என்ற வழக்கு எழுவதுண்டு. அறுவடை இயந்திரம் மணிக் கணக்கில் கூலி பெற்றுக் காத்து நிற்கையில், பெருக்குவதற்குக் கால் மணி நேரம் தர எவரும் விரும்புவதில்லை. ஆகையால் வண்டி பேசும்போதே, "பெருக்கிய வண்டியாக வரவேண்டும்" என்பதையும் சேர்த்துப் பேசிவிடுவது உசிதம். வந்தவுடன் மூலைகளைப் பார்த்த பின்னரே நெல் கொட்டச் சொல்லலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பெரும்பாலான வண்டிகள் இன்று வாய்க்கால் படித்துறையிலோ குளக்கரையிலோ கழுவப்படுகின்றன. உரமும் மருந்தும் கரைந்த நீர், கால்நடை குடிக்கும் நீரிலும் மீனிலும் சேர்கின்றது. நீர்நிலைகளுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் தள்ளி, மேடான புறம்போக்கில் ஜல்லி பரப்பிய ஓரிடத்தை இதற்கென ஒதுக்கலாம். வைக்கோல், சாணம், இலைதழை ஆகியவற்றிற்கு அருகிலேயே ஓர் எருக்குழி அமைந்தால் அவை வீணாகா. உரமும் மருந்தும் ஏற்றிய வண்டியில் கூட்டிய நெல்லை மட்டும் கோழிகளுக்கு இடாதீர்கள். அதனை எருக்குழியிலும் சேர்க்க வேண்டாம்.