உங்களுக்குத் தெரியுமா? மொறிஸ் மைனருக்கு ஐஸ் பெட்டி ஏசி!

இலங்கை வீதிகளில் இன்னும் ஓடும் மொறிஸ் மைனருக்கும், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே ‘ஏ’ வரிசை எஞ்சின்தான். இரண்டிலும் ஏசி இல்லை. ஆனால் காருக்குள் குளிர்காற்று வர, கல்முனையில் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி ஒன்று போதும்: உள்ளே ஐஸ், மூடியில் இரண்டு துளை, ஒன்றில் சின்ன மின்விசிறி, மற்றதில் வளைந்த பிவிசி குழாய். 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 10 கிலோ ஐஸ், 1 டன் ஏசி ஏறக்குறைய 16 நிமிடம் செய்யும் வேலையைச் செய்துவிடும். எவ்வளவு பெரிய காரியம்! ஐஸுக்குப் பதிலாக ஈரத்துணி கட்டிய விசிறி நம் கரையோரத்துக்குச் சரிவராது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. உருகிய நீர் காருக்கு வெளியே போக, பெட்டியின் அடியில் மெல்லிய குழாய் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் காரின் அடித்தகடு துருப்பிடித்துவிடும்.