ஃபில்டர் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள்

வாட்டர் ஃபில்டர் வாங்க உதவி கேட்டு வரும் குடும்பங்களுக்கு நாம் முதலில் சொல்வது, தண்ணீரைப் பரிசோதியுங்கள் என்பதே. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையும் அளவோடு இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. கிருமிகளை அழிக்க யூ.வி. போதும், நன்கு கொதிக்க வைத்தாலும் போதும்.

ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பிள்ளைகளின் பற்களில் கறை படியும், எலும்பும் பாதிக்கப்படும். அங்கே ஆர்.ஓ. அவசியம். அது வெளியேற்றும் நீரை வீண்விரயம் செய்யாமல் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

உள்ளே உள்ள ஃபில்டர்களை உரிய காலத்தில் மாற்ற ஆகும் செலவையும் கணக்கிட்டே வாங்குங்கள்.