78 வயதில் ஓர் இதயக் கருவி

நீலசந்திராவில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் உள்ளது. மொத்தம் 34 படிகள். நாள்தோறும் அவற்றை ஏறி இறங்கிய என் தந்தையார், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பாதி வழியில் அமர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினார். மாலையில் கணுக்கால்கள் வீங்கின. இரவில் மூன்று தலையணைகளை அடுக்கினால்தான் உறக்கம் வந்தது. வயது 78 ஆகிறதே, முதுமைதான் என்று நாங்கள் இருந்துவிட்டோம். எக்கோ பரிசோதனை வேறு செய்தி சொன்னது. நலமுள்ள இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேற்றும். அவருக்கு அது 28 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

இதயச் செயலிழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்றே பலரும் அஞ்சுகின்றனர். இதயம் நிற்பதில்லை, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க அதனால் இயலவில்லை என்பதே பொருள். இதற்கு முதல் மருத்துவம் மாத்திரைகளே. குறைந்தது மூன்று மாதங்கள் முறையாக மருந்து உட்கொண்ட பின்னரே கருவியைப் பற்றி மருத்துவர்கள் பேசுவர். எங்களிடமும் அவ்வாறே பேசினர்.

தந்தையாரின் இ.சி.ஜி.யில் இடப்புற மின்பாதையில் தடை இருந்தது. தேர் வடத்தை ஒரு பக்கத்தார் இழுத்து முடித்த பின் மறுபக்கத்தார் இழுத்தால் தேர் நகருமா? அவர் இதயத்தின் இரு பக்கங்களும் அப்படித்தான் முன்பின்னாகச் சுருங்கின. சி.ஆர்.டி. எனப்படும் கருவி, பெரும்பாலும் மூன்று மெல்லிய கம்பிகளின் வழியாக இரு கீழறைகளையும் ஒரே நேரத்தில் தூண்டுகிறது. காறை எலும்பின் கீழ், அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பொருத்துகின்றனர், நெஞ்சைத் திறப்பதில்லை. 2005இல் வெளியான கேர்-எச்.எஃப். என்னும் ஐரோப்பிய ஆய்வில் 813 நோயாளிகள் பங்கேற்றனர். மருந்து மட்டும் பெற்றோரில் 30 விழுக்காட்டினரும், கருவியும் பெற்றோரில் 20 விழுக்காட்டினரும் ஆய்வுக்காலத்தில் இறந்தனர். எனினும் பொருத்திக்கொள்வோர் அனைவருக்கும் பயன் கிட்டுவதில்லை; ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு எதிர்பார்த்த முன்னேற்றம் இராது. இதை எங்கள் மருத்துவர் முன்கூட்டியே கூறியது நன்று.

அடுத்த வினாதான் கடினமானது. திடீரென இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்வு கொடுத்து மீட்கும் ஐ.சி.டி. வசதியையும் சேர்க்கலாமா? விலை கூடுதல் என்பதால் அதுவே சிறந்தது என்று நான் கருதினேன், வங்கியாளன் புத்தி! ஆனால் மாரடைப்பினால் அல்லாத இதயச் செயலிழப்பு உடையோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வில், அக்கருவி ஒட்டுமொத்த உயிரிழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. இளையோர்க்குக் கிடைத்த பயன் முதியோரிடம் காணப்படவில்லை. தந்தையாருக்கு மாரடைப்பு வந்ததில்லை. இவற்றை மருத்துவர் விளக்கியதும் அவரே முடிவு செய்தார்: “மூச்சு விடாமல் படியேற முடிந்தால் போதும். அதிர்ச்சியெல்லாம் வேண்டாம்.” சி.ஆர்.டி. மட்டும் பொருத்தினோம். மாரடைப்பு வந்தவர்களுக்கு விடை வேறாக இருக்கலாம். ஆகவே எந்தக் கருவி, எதற்காக என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி என் துறைக்கு வருகிறேன். அவரிடம் மருத்துவக் காப்பீடு இல்லை. தேவைப்பட்டதோ பல இலட்சம். பணம் அவருடைய தனிப்பெயரில் நிரந்தர வைப்பில் இருந்தது. அவரோ கை நடுங்க மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். நாள்தோறும் பிறருக்கு அறிவுரை கூறும் நான், சொந்த வீட்டில் இதைக் கவனிக்கவில்லை. கையொப்பமிட இயலாத நோயாளியின் பெருவிரல் ரேகையை, வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் பெறலாம்; அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த நெறிமுறை அன்று எங்களைக் காப்பாற்றியது.

வைப்பில் இன்னொரு பெயரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். ‘இருவரில் ஒருவர்’ என்ற முறையில் உள்ள வைப்பாயினும், முதிர்வுக்கு முன் முறிக்கப் பொதுவாக இருவர் கையொப்பமும் தேவை. அதே முறையிலான சேமிப்புக் கணக்கில் எவரேனும் ஒருவர் கையொப்பமிட்டாலே பணம் எடுக்கலாம். அவசரத் தேவைக்கான தொகை அங்கே இருப்பது நலம். காப்பீடு எடுக்க 65 வயது என்ற உச்ச வரம்பும் 2024 ஏப்ரல் முதல் இல்லை. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாகாது. எனவே நலமாக இருக்கும்போதே எடுப்பதே பயன் தரும்.

தந்தையார் இப்போது நடுவே ஒருமுறை நின்று 34 படிகளையும் ஏறிவிடுகிறார். மாத்திரைகள் தொடர்கின்றன. கைபேசியைக் கருவிக்கு எதிர்ப்புறக் காதில் வைத்துப் பேசுகிறார். சட்டைப் பையில் கருவியின் அடையாள அட்டை எப்போதும் இருக்கிறது. சில ஆண்டுகளில் மின்கலம் தீரும்போது கருவியை மாற்ற வேண்டும். அதற்கான தொகையை இம்முறை அவரும் நானும் கூட்டாக வைத்துள்ள சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் சேர்த்து வருகிறோம்.