உங்களுக்குத் தெரியுமா? சட்டைப்பைக்கு ஒரு விதி, கைப்பைக்கு வேறு விதி

இந்தியாவின் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் (1985) 50-ஆம் பிரிவின்படி, சந்தேகத்துக்குரிய ஒருவரின் உடலைச் சோதிக்க முற்படும் அலுவலர், குற்றவியல் நடுவர் முன்னிலையிலோ அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி, அதாவது நியமனம் அரசிதழில் அறிவிக்கப்படும் உயர்நிலை அலுவலர், முன்னிலையிலோ சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்பதை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். இவ்வுரிமை எடுத்துரைக்கப்படாத நிலையில், அச்சோதனையில் சிக்கிய பொருளை மட்டுமே சான்றாகக் கொண்டு விதிக்கப்படும் தண்டனை நிலைக்காது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2010-இல் தீர்ப்பளித்தது. எனினும், இப்பிரிவு உடல் சோதனைக்கே உரியது என்பதால், சட்டைப்பையில் ஒளித்த பொட்டலம் தொடர்பான வழக்கில் கைகொடுக்கும் இந்த எதிர்வாதம், தோளில் தொங்கும் பையிலிருந்து கஞ்சா எடுக்கப்பட்ட வழக்கில் எடுபடுவதில்லை.