கண்ணில் தெரிந்த குருதிப் புற்றுநோய்

தெமட்டகொடையில் ஓட்டோ ஓடும் என் சாச்சா, சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, வலது கண் பார்வைக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்பதாகச் சொன்னார். நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. கண்ணூறாக இருக்கும் என்றார் உம்மும்மா. கண்ணாடிக் கடையொன்றில் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். பொட்டு போகவில்லை. இரண்டு கிழமை கழித்தே வாப்பா அவரைத் தேசிய கண் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார்.

துளிமருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்த வைத்தியர், அதன்பின் கண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறதா, அடிக்கடி காய்ச்சல் வந்ததா என்றுதான் கேட்டார். அன்றே குருதிப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்க வேண்டிய சிறுதட்டுக்கள் சாச்சாவுக்கு 18,000 மட்டுமே இருந்தன. அந்தக் கிழமையே மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். லுகேமியா. (துளிமருந்தால் பார்வை மங்கியிருந்ததால் அன்று ஓட்டோவை வாப்பாதான் வீடு வரை ஓட்டி வந்தார். அந்தக் கதையை சாச்சா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.)

கண்ணைப் பார்த்தவருக்குக் குருதியின் நோய் எப்படித் தெரிந்தது? உயிரியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி விடவில்லை.

உடலை வெட்டாமலே உள்ளிருக்கும் நுண்ணிய நாடி நாளங்களைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உருவாக்கினார். அடுத்த சில வருடங்களிலேயே, 1860களில், லீப்ரைக் என்ற கண் வைத்தியர் லுகேமியா நோயாளரின் விழித்திரை மாற்றங்களை எழுதி வைத்துவிட்டார்.

லுகேமியாவில் என்பு மச்சை முதிராத வெண்குழியங்களால் நிறைந்துவிடுகிறது. செங்குழியங்களும் சிறுதட்டுக்களும் உருவாக இடமில்லை. சிறுதட்டு குறைந்தால் குருதி உறையாது. செங்குழியம் குறைந்தால் ஒட்சிசன் போதாமல் மயிர்த்துளைக்குழாய்களின் சுவர் பலவீனமாகும். இரண்டும் சேர, விழித்திரையில் குருதி கசிகிறது. சில கசிவுகளின் நடுவே வெள்ளையாக இருக்கும். அவற்றை ரோத் புள்ளிகள் என்பார்கள். அவை வேறு நோய்களிலும் வரும் என்பதால்தான் குருதிப் பரிசோதனை அவசியமாகிறது. சிலவகை லுகேமியாவில் வெண்குழியங்கள் 100,000ஐயும் தாண்டும் (வழமையாக 4,000 முதல் 11,000 வரை). அப்போது குருதி தடித்து, நாளங்கள் வீங்கி நெளியும்.

கசிவு ஓரத்தில் இருந்தால் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சாச்சாவுக்கு அது மஞ்சட்பொட்டிலேயே விழுந்திருந்தது. அதனால்தான் அந்தக் கறுப்புப் பொட்டு. கண்ணுக்குத் தனி மருந்து கொடுக்கவில்லை. லுகேமியாவுக்கான சிகிச்சையும் சிறுதட்டு ஏற்றலும் நடக்க, சில மாதங்களில் அது மெல்ல மறைந்தது. கண்ணில் மிதக்கும் புள்ளியெல்லாம் புற்றுநோய் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் வேறு காரணங்களே இருக்கும். ஆனால் திடீரென்று வந்து நடுவில் நிற்கும் பொட்டைக் கண்ணாடியால் மறைக்க முடியாது.

பத்து மாதம் கழித்து இடது கண் மங்கியபோது சாச்சா யாருக்கும் சொல்லவில்லை. மறுபடி வார்ட்டில் போடுவார்கள் என்ற பயம். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியதைக் கண்டு சாச்சிதான் பிடித்தார். அவர் மறைத்தது எனக்கு உண்மையிலேயே கோபம். குருதிக்கும் விழித்திரைக்கும் இடையில் ஒரு தடுப்பு உண்டு. மருந்துகள் பல அதைக் கடந்து போதியளவு உள்ளே போவதில்லை. புற்றுக் கலங்கள் அங்கே ஒளிந்திருந்து, நோய் திரும்புவது சிலருக்குக் கண்ணிலும் பார்வை நரம்பிலும் முதலில் தெரியும். அப்படியானால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பரிசோதித்ததில் அது ஸ்டீரொய்ட் மருந்தால் வந்த கண்புரை. அல்ஹம்துலில்லாஹ், நோய் திரும்பவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்ததும், ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, எதிர்க் கடைப் பலகையை வாசிக்கச் சொல்வேன். பலகையை மனப்பாடமாக்கிவிட்டார் என்று சந்தேகம் வந்ததிலிருந்து பத்திரிகையைக் காட்டுகிறேன்.