மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறீர்களா?

யூடியூபில் இப்போது இது ஒரு தனி ரகம். கையில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் வட்டத் தட்டு, காதில் ஹெட்போன். அறுவடை முடிந்த வயலில் வெள்ளைக்காரர் ஒருவர் தட்டை அசைத்தபடி நடப்பார். ‘பீப்’ என்று ஒரு சத்தம். குனிந்து ஒரு பிடி மண்ணைக் கிளறினால் ரோமானியக் காசு. பார்க்கிற நமக்கும் கை பரபரக்கிறது. ஆன்லைனில் தேடினால் அதே மாதிரிக் கருவி வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் ஊரிலோ பழைய ஊர்மேடுகளுக்குப் பஞ்சமில்லை. பிறகென்ன தடை என்று தோன்றும்.

தடை சட்டத்தில் இருக்கிறது. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் எடுத்தவை. அங்கே நிலக்காரரின் அனுமதியோடு, பாதுகாக்கப்பட்ட இடங்களை விட்டுவிட்டுத் தேடலாம். கிடைத்தது புதையல் வகையைச் சேர்ந்ததென்றால், 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கக் குவியல் அகப்பட்டபோது முறைப்படி தெரிவித்தார்கள். 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என்று மதிப்பிடப்பட்டு, கண்டெடுத்தவரும் நிலக்காரரும் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2015-இல் லெம்ஸ்டர் அருகே வேறொரு குவியலைக் கண்டெடுத்த இருவர் வாயைத் திறக்காமல் காசுகளை விற்கத் தொடங்கினார்கள். 2019-இல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குவியலில் சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மீட்க முடிந்தது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதிக் காசுகள் எங்கே என்று தெரியவில்லை.

இந்தியாவில் கதை வேறு. பொழுதுபோக்காகப் பழம்பொருள் தேடுவதற்கு உரிமம் கொடுக்கும் ஏற்பாடே இங்கு இல்லை. அகழாய்வு என்பது தொல்லியல் துறையும் அனுமதி பெற்ற ஆய்வு நிறுவனங்களும் செய்யும் வேலை. மாநில அரசே தோண்டுவதென்றாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே டிடெக்டரும் கடப்பாரையுமாகப் போய் நின்றால், எதுவும் கிடைக்காவிட்டாலும் வம்பு கிடைத்துவிடும். புறம்போக்கும் ஆற்றுப் படுகையும் கோயில் நிலமும் ‘யாருக்கும் சொந்தமில்லாதவை’ என்று நினைப்பது நம்மிடம் உள்ள பழைய தவறு. அரசுக்கும் கோயிலுக்கும் சொந்தமானவை அவை.

சரி, நீங்கள் தேடிப் போகவில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் கிணறு வெட்டுகிறீர்கள், கடைக்கால் தோண்டுகிறீர்கள், ஒரு கலயம் உடைந்து காசுகள் கொட்டுகின்றன. இதற்குத்தான் 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ளோ, மண்ணோடு பொருந்திய கட்டுமானத்துக்குள்ளோ மறைந்து கிடந்த மதிப்புள்ள எதுவும் அதன் பார்வையில் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக ஆட்சியருக்குப் பிணை கொடுக்கலாம்.

அதன் பிறகு ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருகிறவர்கள் வந்து சொல்ல நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாள் குறிக்கப்படும். ‘நூறு ஆண்டுக்குள் எங்கள் தாத்தா புதைத்தது’ என்று நம்பத்தக்க வகையில் யாராவது வந்து சொன்னால் விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். அப்படி யாரும் வராமல், ‘உரியவர் இல்லாதது’ என்று ஆட்சியர் அறிவித்தால்தான் பங்கீடு. நிலக்காரரும் உரிமை கோரி, இருவருக்கும் முன்கூட்டி வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. நிலக்காரர் கோரவே இல்லை என்றால் முழுவதும் கண்டெடுத்தவருக்கு. ஆட்சியரின் அறிவிப்பு சரியில்லை என்று தோன்றினால் இரண்டு மாதத்துக்குள் வருவாய்த் துறையின் தலைமை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சொல்லாமல் மறைத்தால்? பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறைக்கத் துணைபோன நிலக்காரருக்கு ஆறு மாதம் வரை.

இந்தச் சட்டத்தின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். புதையலை அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்த உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். சங்ககாலச் செப்புக்காசு ஒன்றுக்கு இந்தக் கணக்கில் என்ன வரும்? டீ குடிக்கக்கூடக் காணாது. 145 ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பத்து ரூபாய் வரம்பும் இந்த ஐந்தில் ஒரு பங்கும் அப்படியே கிடக்கின்றன. நேர்மையாக வந்து சொல்பவனைக் கஞ்சத்தனமாக நடத்தும் சட்டம், அவனை நகைக்கடை உலைக்குத்தான் அனுப்பும். இங்கிலாந்து தன் சட்டத்தில் சந்தை மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதால்தான் அங்கே பலர் தாமாகவே வந்து சொல்கிறார்கள். நம் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் இதைத் திருத்தாதது ஒரு பெரிய அலட்சியம். ஆனாலும் சட்டம் சரியில்லை என்பது, மறைத்தவருக்கு நீதிமன்றத்தில் கைகொடுக்காது.

நேர்மை, நேர்மையின்மை என்று எளிதாகப் பிரிக்க முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயிலில் திருப்பணிக்காகப் படிக்கல்லைப் பெயர்த்தபோது அதன் அடியில் தங்கம் கிடைத்தது. அதை எடுத்துப்போக வந்த வருவாய்த் துறை அதிகாரிகளிடம் ஊரார் தர மறுத்தார்கள். முன்னோர் சாமிக்கென்று வைத்தது, திருப்பணி முடிந்ததும் அதே இடத்தில் வைப்போம் என்பது அவர்கள் வாதம். பேச்சுவார்த்தைக்குப் பிறகே கருவூலத்துக்குப் போனது. சட்டப்படி அதிகாரிகள் பக்கம் நியாயம். ஆனால் ‘எங்கள் ஊர்ப் பொருள் ஏதோ ஓர் அறையில் பூட்டிக் கிடக்கும், நாங்கள் பார்க்கவே முடியாது’ என்ற ஊராரின் அச்சத்தைப் பேராசை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. வாங்கிய பொருளுக்கு ரசீதும், அது இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவலும் கொடுத்தாலே பாதிச் சண்டை வராது.

இனி, சொல்லாமல் மறைத்த ஒரு சிலையின் கதைக்காகப் பத்தூருக்கு வருவோம். 1976-இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊரில், இடிந்து கிடந்த சிவன் கோயிலருகே மண் வெட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளி ஒருவருக்குச் செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. அவற்றில் ஒன்று நடராசர். ஆட்சியருக்குத் தகவல் போகவில்லை. அற்பத் தொகைக்குக் கைமாறிய சிலை, பல கை கடந்து லண்டன் சேர்ந்தது. 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. போலீஸ் பறிமுதல் செய்ய, வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. இடிந்த கோயிலும் வழக்காடும் உரிமை உள்ள ஓர் ஆளாக ஏற்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, இது பத்தூர்ச் சிலைதான் என்பதை நிறுவ உதவிய சான்றுகள். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடங்களையும், அதே குழியில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள். தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

பளபளவென்று தேய்த்துச் சுத்தமாக்கிக் கொண்டுபோயிருந்தால் அந்தச் சாட்சியில் பாதி அழிந்திருக்கும். காசு கிடைத்தால் நம்மவர்கள் முதலில் செய்வதும் இதைத்தான்: புளி போட்டுத் தேய்ப்பது, ஆசிட்டில் முக்குவது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது. சதுரச் செப்புக்காசின் மேல் படிந்த பச்சைக் களிம்போடு மீன் சின்னத்தின் கோடும் போய்விடும். எழுத்து இருந்தால் அதுவும் போய்விடும். பிறகு கையில் மிஞ்சுவது வெறும் செம்புத் தகடு.

டிடெக்டர் செய்யும் கெடுதல் இதைவிட நுட்பமானது. தட்டிலுள்ள கம்பிச்சுருள் மின்காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் எழும் சிறு மின்னோட்டத்தை உணர்ந்து ஒலிக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பானை ஓடு, எலும்பு, பாசிமணி, கரி எதுவும் அதற்குத் தெரியாது. கீழடியின் காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் 580 வரை கொண்டுபோனது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டு. அது எந்த அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அந்தக் கரிக்கு மதிப்பு. ‘பீப்’ வந்த இடத்தில் கடப்பாரையை இறக்குகிறவர் காசை எடுத்துக்கொண்டு அந்த அடுக்குகளைக் கலக்கிவிட்டுப் போகிறார். பிறகு எந்த ஆய்வாளர் வந்தாலும் பயனில்லை. பெரும்பாலும் அந்த ‘பீப்’ ஒரு துருப்பிடித்த ஆணியோ குட்கா பாக்கெட்டின் ஈயத்தாளோதான் என்பது வேறு விஷயம்.

இங்கே நாணயச் சேகரிப்பாளர்கள் ஒரு நியாயம் கேட்பார்கள். கரூர் அமராவதிப் படுகையில் மணலை அரித்தவர்களிடம் வாங்கிச் சேர்த்திராவிட்டால் எத்தனையோ காசுகள் உருகிப் போயிருக்குமே என்று. உண்மைதான். ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பாண்டியர் காசு, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் சேகரிப்பின் வழியாகத்தான் அறிஞர்களுக்குத் தெரியவந்தது. ஆனால் அதையே சாக்காக வைத்து இன்று தோண்டச் சொல்லிப் பணம் கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது. வாங்குகிறவர் ‘எங்கே கிடைத்தது’ என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் காசை விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசும் சிலையும் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அவற்றை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. வெளிநாட்டிலுள்ள உறவினருக்குப் பரிசாக நாலு பழங்காசைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். இலங்கை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். இங்கே சொன்ன முக்கால், கால் கணக்கு அங்கே செல்லாது.

மோசடிக்காரர்கள் வேறு இந்த ஆசையைச் சுற்றிக் காத்திருக்கிறார்கள். கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் ‘ஏரியல்’ கருவி, இரிடியம் கலசம், புதையல் எடுக்கப் பூசை, ‘பள்ளம் தோண்டும்போது கிடைத்தது, வெளியில் விற்க முடியாது’ என்று பாதி விலைக்கு வரும் தங்கக் காசு. முதலில் காட்டும் ஒரு காசு அசல், பையில் வருவது பித்தளை. ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குவார், புதையல் வாங்கப் போனதைச் சொல்ல வேண்டுமே. அந்தத் தயக்கம்தான் அவர்களுக்கு மூலதனம். தயங்காமல் புகார் கொடுங்கள்.

உண்மையிலேயே மண்ணில் ஏதாவது தட்டுப்பட்டால் முதலில் வேலையை நிறுத்துங்கள். பொருளை எடுப்பதற்கு முன், கிடந்தபடியே பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்துச் செல்போனில் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், எந்த சர்வே எண் என்று குறியுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தாமல், ஆட்சியருக்கு மனுவாக எழுதி ஒப்புகை வாங்குங்கள். ‘இன்ன தேதியில், இன்ன சர்வே எண் நிலத்தில், கிணறு வெட்டும்போது, இத்தனை அடி ஆழத்தில் இவை கிடைத்தன, கண்டெடுத்தவர் இன்னார்’ என்றிருந்தால் போதும். அந்தக் கடைசி வரி முக்கியம். குழிக்குள் இறங்கி வெட்டிய கூலித் தொழிலாளியின் பெயரை விட்டுவிட்டு நிலக்காரரே எல்லாம் கண்டதாக எழுதுவது இங்கே சாதாரணமாக நடக்கிற அநியாயம். ஒப்படைக்கும்போது எண்ணிக்கை, எடை, விவரம் எழுதிய மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மாதங்கள் ஓடியும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சிலை என்றால் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் தகவல் கொடுங்கள். அது கடத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது.

வீடு கட்டப்போகிறவர்கள், கிணறு ஆழப்படுத்தப்போகிறவர்கள் இதையெல்லாம் பொருள் கிடைத்த பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வேலை தொடங்கும் அன்றே பொக்லைன் ஓட்டுநரிடமும் மேஸ்திரியிடமும் கூலியாட்களிடமும், எது தட்டுப்பட்டாலும் நிறுத்திவிட்டுக் கூப்பிடும்படி சொல்லிவிடுங்கள். சட்டப்படி அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.